கட்டை முங்கட்டும், அப்புறம் மீன் வாங்கலாம்

புதிதாக மீன்தொட்டி வைக்கிற நண்பர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "மச்சி, ஆசையா ஒரு டிரிஃப்ட் வுட் வாங்கினேன்டா. தண்ணிக்குள்ள வெச்சா தக்கை மாதிரி மேல வந்து நிக்குது. இதை எப்படிடா உள்ள அமுக்குறது?"

டிரிஃப்ட் வுட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஆற்றிலோ ஏரியிலோ பல காலம் கிடந்து, பட்டை உரிந்து, மெத்தென்ற பகுதியெல்லாம் அரித்துப்போய், முறுக்கும் வளைவுமாக மிஞ்சின மரக்கட்டை அல்லது வேர். கடையில் இந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஆற்றில் மிதந்து வந்தவை கிடையாது. வேரைத் தோண்டியெடுத்து, மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் பண்ணினதும் இதே பெயரில்தான் வரும். தொட்டிக்குள் வைத்தால் ஒரு காட்டு ஓடையின் அடிப்பகுதியையே வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும். உள்ளே நின்றால்தான்!

இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். கல்லைத் தூக்கி மேலே வை. தூண்டில் நரம்பால் கட்டு. ஸ்க்ரூ போடு. பசை தடவு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இறுக்கிச் சொருகு. மொத்தத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இன்றைக்கே, இப்போதே அதை உள்ளே அமுக்கு.

என் கருத்து வேறு. அமுக்காதீர்கள். அந்தக் கட்டை தானாக முங்குகிற வரைக்கும் மீன் வாங்கவும் செய்யாதீர்கள். "என்னடா இது, கட்டைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். (பொறுமையைப் பற்றிய கட்டுரைதான் இது, அதனால் தப்பில்லை.)

முதலில் அது ஏன் மிதக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மரம் தண்ணீரைவிட லேசானது, அதனால் மிதக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். மரம் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்களின் சுவர் எதனால் ஆனதோ, அந்தச் சரக்கின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.5 மடங்கு. பஞ்சு மாதிரி இருக்கிற பால்சா மரமாக இருந்தாலும் சரி, இரும்பு மாதிரி இருக்கிற கருங்காலியாக இருந்தாலும் சரி, சுவரின் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றேதான். அதாவது மரம் என்ற பொருள் தண்ணீரில் முங்கத்தான் வேண்டும். மிதக்க வைப்பது மரம் இல்லை, குழாய்களுக்குள் அடைந்து கிடக்கிற காற்று. சுவர் தடிமனாகவும் ஓட்டை சின்னதாகவும் இருந்தால் கருங்காலி. காய்ந்த நிலையிலேயே முங்கும். சுவர் மெல்லிசாகவும் ஓட்டை பெரிதாகவும் இருந்தால் பால்சா.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். காய்ந்த கட்டையின் அடர்த்தி தண்ணீரில் பாதி, அதாவது 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவில் மூன்றில் ஒரு பங்குதான் மரச்சுவர், மீதி இரண்டு பங்கு காற்று. அந்தக் காற்றிடத்தில் முக்கால்வாசி தண்ணீரால் நிரம்பினால்தான் கட்டை முங்க ஆரம்பிக்கும். இதே 0.8 அடர்த்தியுள்ள கட்டை என்றால் காற்றிடமே பாதிக்குக் குறைவு. அதிலும் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு நிரம்பினால் போதும். மரம் ஊறி உப்புவதைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற மொப்பானி கட்டை போட்டவுடன் முங்குவதும், ஸ்பைடர் வுட் என்று விற்கிற மெல்லிய வேர்க்கட்டை வாரக்கணக்கில் அடம்பிடிப்பதும் ஏன் என்று இதிலிருந்தே புரிந்துவிடும்.

இதை நம் ஊர்க் கடற்கரைக்காரர்கள் இயற்பியல் புத்தகம் இல்லாமலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். கட்டுமரம் என்கிற சொல்லை வெள்ளைக்காரன் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு 'கேட்டமரான்' ஆக்கினான். கடலுக்குப் போய்வந்த கட்டுமரத்தை மீனவர்கள் அப்படியே தண்ணீரில் விட்டுவைக்க மாட்டார்கள். கரையேற்றி, கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள். ஏனென்றால் தண்ணீரிலேயே கிடந்தால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், மிதப்பு குறைந்துவிடும். ஃபைபர் படகுகள் வந்தபிறகு இந்தக் காட்சி ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனால் விஷயம் இதுதான்: மரத்தை மிதக்க வைக்கத்தான் பாடுபட வேண்டும். முங்க வைக்க ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீரில் விட்டுவிட்டால் போதும். மீன்தொட்டிக்காரர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு கட்டையோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

சரி, அமுக்குகிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல் வைப்பது. மூன்று லிட்டர் கன அளவும் இரண்டு கிலோ எடையும் உள்ள கட்டை ஒன்று. அது முழுசாக முங்கினால் மூன்று கிலோ தண்ணீரை விலக்கும். ஆக, ஒரு கிலோ அளவுக்கு அது மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். "அப்போ ஒரு கிலோ கல் வெச்சா சரியாப்போச்சு" என்று தோன்றும். ஆகாது. கல்லும் தண்ணீருக்குள் போனால் எடை இழக்கும், ஆர்க்கிமிடீஸ் யாருக்கும் சலுகை தருவதில்லை. கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.6 மடங்கு. ஒரு கிலோ கருங்கல் தண்ணீருக்குள் 600 கிராம் சொச்சம்தான் கனக்கும். ஆகவே அந்த ஒரு கிலோ மிதப்பை அடக்க, குறைந்தது ஒரு கிலோ அறுநூறு கிராம் கல் வேண்டும். அதுவும் உருண்டையான கல்லை, வளைந்து நெளிந்த கட்டைமேல், வழுக்குகிற தண்ணீருக்குள் நிறுத்த வேண்டும். ஒரு சக்கர் மீன் இரவில் புகுந்து புறப்பட்டால் போதும். கல் ஒரு பக்கம் உருளும், கட்டை விருட்டென்று மேலே வரும். கல் போய் நிற்கிற இடம் அடியில் இருக்கிற மீனின் முதுகாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம். இரண்டடிக்கு ஒரு அடி, உயரம் ஒரு அடி என்கிற சாதாரணத் தொட்டியிலேயே ஐம்பத்தைந்து லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி போனால் அவ்வளவும் உங்கள் வீட்டுத் தரையில்.

இன்னொன்று. கண்ணில் பட்ட கல்லையெல்லாம் போடக்கூடாது. டைல்ஸ் கடையில் கிடைக்கிற மார்பிள் துண்டு, சுண்ணாம்புக்கல் எல்லாம் மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். கல்லில் நாலு சொட்டு வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் வேண்டாம்.

கண்ணாடிக்கு நடுவில் சொருகுவது. இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். மரம் ஊறினால் உப்பும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொண்டு மூடாமல் படுத்துவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பாறையில் வரிசையாகக் குழி போட்டு, காய்ந்த மர ஆப்பை அடித்து, தண்ணீர் ஊற்றிப் பாறையையே பிளப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே ஆப்பை நாமே நம் கண்ணாடிக்கு அடிக்கலாமா?

ஸ்க்ரூ போடுவது. பலகைக்கல்லில் துளை போட்டு, அதில் கட்டையை ஸ்க்ரூவால் பிணைத்து, கல்லின்மேல் மணலைப் பரப்பி மறைப்பது. இருக்கிற வழிகளில் ஓரளவு உருப்படியானது இதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூவும் பித்தளை ஸ்க்ரூவும் தண்ணீரில் உலோகத்தைக் கசியவிடும். செம்பு கொஞ்சமாகக் கலந்தாலும் இறாலும் நத்தையும் தாங்காது. இதெல்லாம் சரியாகச் செய்யத் தெரியாதவர்களுக்கு வடிவேலு பாணியில் என் ஆலோசனை: நீங்கள் ஆணியே அடிக்க வேண்டாம்.

பசை, உறிஞ்சு ரப்பர் வகையறா. கைக்குக் கை ஒட்டிக்கொள்கிற அந்தச் சிறு டியூப் பசை செடியைக் கட்டையில் ஒட்ட நல்லது. ஒரு கிலோ மிதப்பைப் பிடித்து நிறுத்துகிற வேலை அதற்கு இல்லை. உறிஞ்சு ரப்பர் நாளாக ஆகக் கெட்டித்துப்போய், ஒரு நாள் நடுராத்திரியில் 'டப்' என்று விட்டுவிடும்.

வேகவைப்பது. இது மற்ற வழிகளைப்போல் இல்லை, இதில் விஷயம் இருக்கிறது. கட்டை கொதிநீரில் கிடக்கும்போது உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிந்து குமிழ் குமிழாக வெளியேறும். அந்த இடத்தில் நீராவி நிற்கும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் அந்த நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கிவிடும். அப்போது உள்ளே உண்டாகிற வெற்றிடம் சுற்றியிருக்கிற தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். ஆக, காற்று வெளியேறுவது கொதிக்கும்போது. தண்ணீர் உள்ளே போவது ஆறும்போது. நிறையப் பேர் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, சூட்டோடு சூடாகக் கட்டையை வெளியே எடுத்து விடுகிறார்கள். அப்போது அது உறிஞ்சுவது தண்ணீரை இல்லை, மறுபடியும் காற்றை! கேஸ் செலவானதுதான் மிச்சம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது சோற்றுக்கு மட்டும் சொன்னதில்லை. கட்டையை அதே தண்ணீரிலேயே, முழுசாக முங்கின நிலையில், ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். கூடவே பூச்சி, பூஞ்சை எல்லாம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் எந்த மரமென்றே தெரியாத கட்டையைச் சமையல் பாத்திரத்தில் வேகவைக்க வேண்டாம். அதற்கென்று ஒரு பழைய அண்டா தேடிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் தொட்டியோடு சேர்த்து உங்களையும் வெளியே வைத்துவிடுவார்கள்.

வேகவைத்தும் முங்காத கட்டைகள் உண்டு, பானைக்குள் அடங்காத கட்டைகளும் உண்டு. அவற்றுக்கெல்லாம் கடைசி வழி, என் கணக்கில் முதல் வழி: ஊறப்போடுவது. மூடியுள்ள ஒரு பெரிய வாளி அல்லது டிரம். கட்டையை உள்ளே போட்டு மேலே ஒரு கல்லை வைத்து முழுசாக முங்கவிடுங்கள். இங்கே கல் வைத்தால் தப்பில்லை, வாளிக்குள் மீன் இல்லையே. தண்ணீர் மரத்துக்குள் வேகமாக நுழைவது பக்கவாட்டில் இல்லை, வெட்டுமுனை வழியாக. குழாய்கள் வாய்திறந்து நிற்பது அங்கேதான். அதனால் பின்பக்கம், கண்ணில் படாத இடத்தில், முனையைப் புதிதாகக் கொஞ்சம் அறுத்துவிட்டாலோ நாலைந்து துளை போட்டாலோ சீக்கிரம் ஊறும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வாளியைத் திறந்து வைக்காதீர்கள். தேங்கின நல்ல தண்ணீர்தான் டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடி போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மீன் வளர்க்கிறேன் என்று ஆரம்பித்துக் கொசு வளர்த்தவன் என்ற பெயர் வேண்டாம்.

இப்படி ஊறப்போட்டால் எத்தனை நாளாகும்? சில கட்டைக்கு இரண்டு நாள். சிலவற்றுக்கு ஒரு மாதம். பிடிவாதக்காரக் கட்டைக்கு இரண்டு மாதம், அதற்கு மேலும் ஆகும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பொறுமை இழந்து ஸ்க்ரூ வாங்க ஓடுகிறார்கள். நான் சொல்ல வந்ததும் இந்த இடம்தான்.

மீன் வாழ்வது தண்ணீரில் மட்டும் இல்லை, அந்தத் தண்ணீரில் குடியேறியிருக்கிற பாக்டீரியாக்களின் தயவில். மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதாலும் தண்ணீரில் அம்மோனியா சேரும். அது மீனின் செவுளை எரிக்கிற விஷம். ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். இது எவ்வளவோ தேவலை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். இந்த இரண்டு பாக்டீரியாக் கூட்டமும் புதுத் தொட்டியில் இருக்காது. ஃபில்டரிலும் மணலிலும் கண்ணாடியிலும் அவை படிந்து போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

தொட்டி வாங்கின அன்றைக்கே மீனையும் வாங்கினால் என்ன ஆகும்? முதல் இரண்டு நாள் ஜோராக இருக்கும். அப்புறம் மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு வாரத்துக்குள் ஒன்றிரண்டு மிதக்கும். "தண்ணி ஒத்துக்கலை", "கண்ணு பட்டுடுச்சு", "வாஸ்து சரியில்லை" என்று ஏதாவது சொல்லிவிட்டு, மறுபடி கடைக்குப் போய் இன்னும் நாலு ஜோடி வாங்கி வருவார்கள். கடைக்காரருக்கு நட்டமில்லை. வாங்குகிறவருக்குக் கொஞ்சம் காசு நட்டம். மீனுக்கு உயிரே நட்டம். மீனால் கத்த முடியாது என்பதால் இது யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. நாய்க்குட்டி வாங்கின வாரத்திலேயே செத்தால் வீடே அழுகிறது, நியான் டெட்ரா செத்தால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை ஊற நாலு வாரம், ஆறு வாரம். தொட்டி தயாராக நாலு வாரம், ஆறு வாரம். கட்டை உங்களிடம் அடம்பிடிக்கவே இல்லை. நீங்கள் எப்படியும் பொறுத்திருக்க வேண்டிய நாட்களைத்தான் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா வளர்வது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதை நம்பி யாரும் காத்திருப்பதில்லை. கட்டை மிதப்பது தெரியும். நம்மைப் போன்ற அவசரக்காரர்களுக்கு இப்படி ஒரு கண்டிப்பான வாத்தியார் வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். வாளியில் கட்டை ஊறட்டும். அதே நேரத்தில் தொட்டியில் மணல், குளோரின் போக்கின தண்ணீர், ஓடுகிற ஃபில்டர் எல்லாம் தயாராக இருக்கட்டும். இல்லாத மீனுக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்; பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. அந்தத் தீனி அழுகி உண்டாகிற அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. மூன்று நாலு வாரம் போனதும் சோதனைக் கிட் வாங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நின்றபிறகு பாதித் தண்ணீரை மாற்றி, கட்டையை உள்ளே இறக்கி, நாலே நாலு மீனோடு ஆரம்பியுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டை முங்கியதே தொட்டி தயாரானதற்கு அத்தாட்சி ஆகிவிடாது. மூன்றே நாளில் முங்குகிற கட்டையும் இருக்கிறது. அத்தாட்சி அந்தக் கிட்டில் தெரிகிற பூஜ்யம்தான். கட்டை சீக்கிரம் முங்கினாலும் மீன் காத்திருக்க வேண்டும்.

இதற்கு மறுப்பு சொல்கிறவர்களையும் கவனிக்க வேண்டும். "அதெல்லாம் சரி, வீட்டில் சின்னப்பையன் இருக்கிறான். காலித் தொட்டியை ஒன்றரை மாதம் காட்டிக்கொண்டிருக்க முடியுமா?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பையனுக்கு முதல் வாரத்தில் செத்த மீனைக் காட்டுவது எந்த விதத்தில் மேல்? வாளியில் கட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை கல்லை எடுத்துவிட்டுப் பார்த்து, சாக்பீஸால் சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல் என்று குறைவதைப் பார்க்கிற பையன், ஆர்க்கிமிடீஸைப் பாடப்புத்தகத்தில் சந்திக்கும்போது ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி சிரிப்பான்.

"முங்குகிற கட்டையாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே?" வாங்கலாம். ஆனால் காசு அதிகம். நம் ஊரில் கிடைக்கிற கட்டையில் வேலை ஆகிறபோது அது எதற்கு? காய்ந்த புளியங்கிளை, சீமைக் கருவேல வேர் எல்லாம் கனமான மரம்தான். ஆனால் மூன்று விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பச்சை மரம் வேண்டாம், பட்டையோடு வேண்டாம், அழுகும். பாலும் பிசினும் வடிகிற மரம், அரளி மாதிரி விஷச்செடி வேண்டாம்; உப்பங்கழி ஓரம் கிடக்கிற வேர் அழகாக இருக்கிறதே என்று தில்லை மரத்தில் கை வைத்தால், அதன் பால் கண்ணில் பட்டாலே பார்வை போகும். காப்புக்காட்டுக்குள் போய்க் கட்டை பொறுக்குவது சட்டப்படி குற்றம், அதுவும் வேண்டாம்.

"படத்தில் பார்க்கிற தொட்டியெல்லாம் ஒரே நாளில் வைத்த மாதிரி இருக்கிறதே?" படத்தில் அப்படித்தான் இருக்கும். கட்டையும் கல்லும் செடியும் வைத்து ஒரு இயற்கைக் காட்சியையே தொட்டிக்குள் கட்டுகிற பாணியை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). அவர் ஒரு புகைப்படக்காரரும்கூட. கடைசியாக அவர் அமைத்த பெரிய தொட்டி 2015இல் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில், கடல்வாழ் உயிர்க்காட்சியகத்தில் திறக்கப்பட்டது. 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர், உள்ளே பெரிய பெரிய மரத்துண்டுகள். நாம் பார்த்து ஏங்குவது இந்த மாதிரித் தொட்டிகளின் முடிந்த படத்தை. அதற்கு முன்னால் போன வாரங்களை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அதனால்தான் நமக்கு எல்லாமே ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்து மாலைக்குள் முடிய வேண்டியிருக்கிறது.

கட்டை உள்ளே போனபிறகும் அவசரப்பட இரண்டு சந்தர்ப்பம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, தண்ணீர் டீ மாதிரி பழுப்பாகும். மரத்திலிருந்து இறங்குகிற டானின்தான் அது. கெட்டுப்போனதாக நினைத்துக் கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கார்டினல் டெட்ரா பிறந்து வளர்கிற ரியோ நீக்ரோ ஆறே இப்படிக் கறுப்பாகத்தான் ஓடுகிறது. ஃபைட்டர் மீன் வளர்க்கிற நம் ஊர் ஆட்கள் வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலையைப் போட்டு வேண்டுமென்றே இந்த நிறத்தை வரவழைக்கிறார்கள். உப்புத்தன்மையுள்ள நம் போர் தண்ணீரில் இதனால் பி.எச். பெரிதாக இறங்கியும் விடாது. தண்ணீர் மாற்ற மாற்ற நிறம் தானாக வெளுக்கும். இரண்டாவது, புதுக்கட்டைமேல் வெள்ளையாக, சளி மாதிரி ஒரு படலம் படியும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நத்தையும் இறாலும் அதை விருந்தாகச் சாப்பிடும். சில வாரத்தில் போய்விடும்.

எல்லாம் செய்தும், தொட்டி தயாரானபிறகும், அந்தக் கட்டை மிதந்துகொண்டே இருந்தால்? மிதக்கட்டும்! ஆற்றில் விழுகிற மரமெல்லாம் உடனே அடிக்கா போய்விடுகிறது? மேலே கட்டை மிதந்தால் கீழே நிழல் விழும், மீன் அந்த நிழலில் வந்து நிற்கும். மீனுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. கட்டை நாம் நினைத்த இடத்தில் நிற்கவில்லையே என்கிற உறுத்தல் நமக்கு மட்டும்தான். தொட்டி நம்முடையதாக இருக்கலாம், ஆனால் அதற்குள் குடியிருக்கப் போவது நாம் இல்லையே. குடியிருக்கப் போகிறவர்களின் மூச்சுக்கு எது தேவையோ அதை முதலில் பார்ப்போம், நம் கண்ணுக்கு எது அழகோ அதை இரண்டாவதாகப் பார்ப்போம். ஆறு வாரம் ஒன்றும் பெரிய காலமில்லை. ஒரு செமஸ்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

கடைக்குப் போகிறவர்கள் இந்த வாரம் மீன் வாங்காமல் திரும்புங்கள். வாளிக்கு மூடி வாங்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.